கரையோரம் ஐயாவைத் தேடிய மத்தியானம்

உலகத்தில் அதிகம் சொல்லப்படும் பொய் எது என்று கேட்டால் "இதோ வந்துகொண்டிருக்கிறேன்" என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "ஓம், பார்த்தனான்" என்பதுதான் அது. அனுப்பிய படத்தைப் பார்த்தீரா? ஓம், பார்த்தனான். பிள்ளையின் மார்க்ஸைப் பார்த்தீரா? ஓம், பார்த்தனான். அடுப்பில் பால் கிடக்கிறது, பார்த்தீரா? ஓம், பார்த்தனான் (பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்த பிறகு). இந்தப் பொய்யை ஒரு ஆளாகவே உருவாக்கி, அந்த ஆளுக்கு மரியாதை கொடுத்து, கடைசியில் அந்த ஆளுக்குப் பயந்து கதிரையில் ஏறி நின்ற ஒரே மனிதன் திருகோணமலையில் நானாகத்தான் இருப்பேன்.

நான் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கப்பல் சாமான் கடையில் கணினி பார்ப்பவன். அது சோற்றுக்கு. மனத் திருப்திக்குச் செய்வது 'கரைக்குரல்'. மீனவர் சங்கக் கட்டடங்களின் கூரையில் ஒலிபெருக்கியோடு ஒரு பெட்டி இருக்கும். காற்று எப்படி, அலை எப்படி, கடலுக்கு இறங்கலாமா என்று அது தமிழில் சொல்லும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் நிரல் யாருக்கும் சொந்தமில்லாதது. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். ஆனால் அனுப்பியதெல்லாம் உள்ளே போய்விடாது. பராமரிப்பாளர்களில் இரண்டு பேர் பார்த்து "ஓம்" சொன்னால்தான் மூலநிரலில் சேரும். சேர்ந்துவிட்டால் அன்றைக்கே புல்மோட்டை தொடங்கி எல்லாக் கரைப் பெட்டிகளுக்கும் தானாகப் போய்விடும்.

பராமரிப்பாளர்கள் நாங்கள் நான்கு பேர். கிண்ணியாவில் கணக்குப் படிப்பிக்கும் ரிஸ்வானா டீச்சர். கிளிவெட்டியில் வயலும் மடிக்கணினியும் வைத்திருக்கும் ஜெயன். ஒருங்கிணைப்பாளன் என்ற பெரிய பட்டத்தோடு நான். (என் வேலை, மற்றவர்களிடம் "பார்த்தீங்களா, பார்த்தீங்களா" என்று கேட்டுக்கொண்டு திரிவது.) நான்காவது ஆள், கரையோரம் ஐயா.

கரையோரம் ஐயாவை நாங்கள் யாரும் கண்டதில்லை.

எனக்கு டெங்கு வந்து படுத்த காலத்தில் அவர் எங்களோடு சேர்ந்திருந்தார். நான் எழும்பி, கால் நடுங்க மடிக்கணினியைத் திறந்து பார்த்தபோது 'கரையோரம்' என்ற பெயரில் ஒருவர் ஏற்கெனவே பராமரிப்பாளராக இருந்து, ஜெயனின் மூன்று திருத்தங்களுக்கு "ஓம்" சொல்லி முடித்திருந்தார். படம் இல்லை. ஊர் இல்லை. பேச்சும் மிகக் குறைவு. "ஓம். பார்த்தனான். சேர்க்கலாம்." இவ்வளவுதான். ஆனால் உடனே சொல்லிவிட மாட்டார். ஒரு மணித்தியாலம், சில நாளில் மூன்று மணித்தியாலம் எடுத்து, ஆறுதலாக வாசித்துவிட்டுத்தான் சொல்வார். வயதான மனிதர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசிக்கிறார் என்று நான் நினைத்தேன்.

ஆள் யார் என்று கேட்டிருக்கலாம்தானே என்பீர்கள். நீங்கள் எங்கள் ஊர் இல்லை. ஒரு பெரிய மனிதரைப் பார்த்து "நீங்கள் ஆர்?" என்று கேட்பதைவிட அவருடைய வீட்டுக் கூரையில் கல் எறியலாம். ரிஸ்வானா டீச்சர்தான் கிண்ணியாவில் யாரோ ஓய்வுபெற்ற பெரியவரைச் சேர்த்துவிட்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன். டீச்சரோ அவரை என் சொந்தக்காரர் என்று நினைத்தார். ஜெயன் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த யாரோ துறைமுகத்துப் பழைய எஞ்சினியர் என்று முடிவுகட்டி, செய்தி எழுதும்போதெல்லாம் "வணக்கம் ஐயா" என்று தொடங்கினான். ஹஜ் பெருநாளுக்கு டீச்சர் ஒரு பெரிய சட்டி வட்டிலாப்ப இனிப்பை என்னிடம் தந்து, "அண்ணன், ஐயாவுக்கும் சேர்த்துத்தான்" என்றார். எனக்கு ஐயாவின் வீடு தெரியாது என்று சொல்ல வெட்கம். ஜெயனிடம் கொடுத்து, "ஐயாவுக்கும் சேர்த்துத்தான்" என்றேன். ஜெயன் தலையாட்டி வாங்கிக்கொண்டு போனான்.

ஐயாவின் மதிப்பை வானத்துக்கு ஏற்றிவிட்டது ஒரு வாடைக்காலத்து நாள். நான் அவசர அவசரமாக ஒரு திருத்தத்தைப் போட்டிருந்தேன். வழக்கமான "ஓம்" வரவில்லை. ஒரே ஒரு சொல் வந்தது: "பொறுங்கோ."

திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதற்குள் ஒரு பெரிய ஓட்டை. சேர்த்திருந்தால் அந்த மழைக்காலம் முழுக்கப் பெட்டிகள் முந்தின நாள் காற்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். அன்றிலிருந்து நான் என் கண்ணையே நம்பாமல் ஐயாவின் கண்ணை நம்பினேன். ஏதாவது முக்கியமாகச் சேர்க்க வேண்டி வந்தால் சாமி அறையில் நின்று, "கடவுளே, ஐயா கெதியாய் ஓம் சொல்ல வேணும்" என்று கும்பிடுவேன். கும்பிட்டுக் கையை எடுக்க முன்னமே "ஓம்" வந்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் கையில் மயிர் குத்திட்டு நிற்கும். எவ்வளவு சக்தியுள்ள சாமி அறை என்று பெருமைப்பட்டேன்.

இனி அந்த மத்தியானம்.

கச்சான் காலம். எங்கள் கரைக்குக் கச்சான் என்பது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காய்ந்த காற்று. அதில் ஒரு நயவஞ்சகம் உண்டு. கரையோரத்து அலையை அது அமுக்கிவிடும். நின்று பார்த்தால் கடல் எண்ணெய் பூசிய தட்டுப் போலக் கிடக்கும். நம்பி இறங்கினால் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பி வர விடாது. அலையை மட்டும் பார்த்துப் பேசுகிற எங்கள் பெட்டிக்கு இந்த வஞ்சகம் தெரியாமல் இருந்தது. அதற்காக ரிஸ்வானா டீச்சர் நல்லதொரு நிரல் எழுதினார்: அலை இல்லாவிட்டாலும் கச்சான் பலமென்றால் பெட்டி எச்சரிக்க வேண்டும். அதே கிழமையில் ஜெயனும் நல்லதொரு நிரல் எழுதினான்: அலை இல்லாத நேரத்தில் பெட்டி சும்மா கத்திப் பற்றரியைத் தின்னாமல் நித்திரை கொள்ள வேண்டும்.

இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால் தங்கம். இரண்டையும் ஒன்றாய்ச் சேர்ப்பது என் வேலை. சேர்த்தேன். ஐயாவுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் விடிய, "ஓம். பார்த்தனான். சேர்க்கலாம்." ஐயா பார்த்ததை நான் வேறு ஏன் பார்க்க? அழுத்தினேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வெற்றிவீரனைப் போல இடுப்பில் சாரத்தோடு வீட்டில் இருந்தேன்.

மத்தியானம் வீட்டில் நான் மட்டும். மகள் பள்ளிக்கூடத்தில். மனைவி வதனி பாலர் பாடசாலை ஆசிரியை. அவள் வர இன்னும் நேரம் இருந்தது. வெளியே கச்சான் வேலி ஓலைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. வீதியில் ஒரு சனம் இல்லை. காகங்கள்கூட எங்கோ போய்விட்டன. கேற்றடியில் ஒரு கொம்பு மான் தனியாக நின்றது. எங்கள் ஊரில் மான் வீதியில் நிற்பது மாடு நிற்பது மாதிரித்தான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த மான் மேயவில்லை. அசையவில்லை. என் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றது.

கரைப் பெட்டிகளின் நிலையைக் காட்டும் படத்தைத் திறந்தேன். எப்போதும் ஒன்று பேசும், ஒன்று காத்திருக்கும், ஒன்று கோளாறு காட்டும். அன்று புல்மோட்டையிலிருந்து கீழே வரைக்கும் எல்லாப் புள்ளிகளும் ஒரே நிறம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே சொல்: உறக்கம். உறக்கம். உறக்கம்.

'ஆகா, எவ்வளவு பற்றரி மிச்சம்' என்று நான் சந்தோஷப்பட்டேன். (இதைத்தான் வதனி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.) அந்த நேரம் காற்று குசினி யன்னலைப் படாரென்று அடித்துச் சாத்தியது. அலுமாரிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடியது. இவ்வளவு காற்றுக்குள் எப்படி ஒரு பெட்டிகூட முழிப்பாக இல்லை?

நிரலைத் திறந்து பார்த்தேன். ஜெயனின் பகுதி முதலில் ஓடுகிறது. அலை இல்லை என்று பார்த்துப் பெட்டியைப் படுக்கப் போடுகிறது. டீச்சரின் கச்சான் எச்சரிக்கை அதற்குப் பின்னால், படுத்துவிட்ட பெட்டிக்குள், வாய் கட்டப்பட்டுக் கிடக்கிறது. கச்சான் எவ்வளவுக்கு அடிக்குதோ அவ்வளவுக்கு அலை அமுங்கும். அலை எவ்வளவுக்கு அமுங்குதோ அவ்வளவுக்குப் பெட்டி ஆழ்ந்து உறங்கும். இரண்டு நல்ல பிள்ளைகளை ஒரே அறைக்குள் விட்டுப் பூட்டி, ஒன்றை மற்றதன் கழுத்தில் ஏற்றியது நான்.

வதனியின் தம்பி சுதன் சல்லிக் கரையில் இருக்கிறான். சின்ன எஞ்சின் பூட்டிய படகு. பின்னேரத் தொழிலுக்குப் போகிறவன். உடனே போன் எடுத்தேன்.

"சுதன், இண்டைக்கு இறங்காத."

"ஏன் அத்தான்? சோறு திண்டிட்டு இறங்கத்தான் வெளிக்கிடுறம்."

"கச்சான் பலமாயிருக்கு."

"கடல் தட்டு மாதிரிக் கிடக்கு அத்தான். பெட்டியும் ஒண்டும் சொல்லேல்லை. பெட்டி பேசாட்டிக் கடல் நல்லம் எண்டு கூட்டத்தில மைக் பிடிச்சுச் சொன்னது நீங்கள்தானே?"

"ஓம், சொன்னனான். இப்ப அதே வாயால சொல்லுறன், போகாத."

அவன் சிரித்தான். "அத்தான், கோபிக்காதேங்கோ. போன முறை நீங்கள் மழை வரும் எண்டு சொல்ல, நான் கருவாட்டை அள்ளி உள்ளுக்குப் போட்டு, அது மணத்துப் போச்சு. நான் உங்கட கதையை நம்பேல்லை. நீங்கள் செய்த பெட்டியை நம்புறன். பக்கத்தில ரெண்டு படகு தள்ளீட்டாங்கள். நான் வைக்கிறன்."

வைத்துவிட்டான். அவனை வீட்டுக்குள் பூட்டி வைத்தாலும் மற்றக் கரைகளில் எத்தனை சுதன்கள்? எல்லாருக்கும் ஒரே பெட்டி, ஒரே மௌனம், ஒரே நம்பிக்கை. பெட்டி வாய் திறந்தால்தான் சரி.

சேர்த்ததைத் திருப்பி எடுப்பது சின்ன வேலை. எடுத்துப் போட்டேன். ஆனால் திருப்பி எடுப்பதும் ஒரு சேர்த்தல்தான், அதற்கும் இரண்டாவது "ஓம்" வேண்டும். இந்தப் பூட்டை நானே மீற ஏலாது. ஒருமுறை அவசரப்பட்டு நான் தனியாகச் சேர்த்து எல்லாப் பெட்டிகளையும் ஒரு நாள் முழுக்க உளற வைத்த பிறகு, பூட்டின் திறப்பை ரிஸ்வானா டீச்சர் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

டீச்சருக்கு எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. வகுப்பில் இருந்தால் அவருடைய போன் ஆசிரியர் அறை மேசை லாச்சிக்குள் இருக்கும். பாடசாலை விட வேண்டும். ஜெயனுக்கு எடுத்தேன். வேறு யாரோ எடுத்து, பின்னால் அறுவடை மெசினின் இரைச்சலோடு, "ஜெயன் அண்ணை வயலுக்க நிக்கிறார், போட்டிருந்த சேட்டைக் கழட்டி மரத்தில கொழுவியிருக்கிறார், போன் சேட்டுக்க" என்றுவிட்டு வைத்தான்.

மிச்சம் ஐயா. அவரோ ஆறுதலாகக் கண்ணாடி துடைத்து மூன்று மணித்தியாலம் வாசிப்பார். அதற்குள் சுதன் கடலுக்குள். ஐயாவை நேரில் பிடித்துக் காலில் விழுந்தாவது "ஓம்" வாங்க வேண்டும். எங்கே பிடிப்பது?

எங்கள் சேர்வரில் ஒவ்வொருவரும் எங்கிருந்து உள்ளே வருகிறார்கள் என்ற பதிவு இருக்கும். இத்தனை காலமும் ஐயாவின் பதிவை நான் திறந்ததில்லை. பெரியவரின் சட்டைப் பையைத் தடவுவது போல இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திறந்தேன்.

திருகோணமலை. நல்லது, பக்கத்தில்தான். இன்னும் உள்ளே போய்ப் பார்த்தேன். துறைமுகப் பகுதி. இன்னும் நல்லது, சைக்கிளில் போகலாம். எழும்பிச் சேட்டைத் தேடினேன். ஒரு கை சேட்டுக்குள் போன நிலையில் இணைய முகவரி இலக்கங்களைப் பார்த்தேன். எங்கோ பார்த்த இலக்கங்கள். என்னுடையதைத் திறந்து பக்கத்தில் வைத்தேன்.

ஒன்றுதான்.

வெளியே ஓலை ஒன்று அறுந்து சரசரவென்று முற்றத்தில் இழுபட்டுப் போனது.

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ எங்கள் வைபையைத் திருடுகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் ஆறு மாதமாக யாரும் இல்லை என்பது அடுத்த நிமிடம் நினைவுக்கு வந்தது. ரூட்டரில் என்னென்ன இணைந்திருக்கிறது என்று பார்த்தேன். மடிக்கணினி. என் போன். தொலைக்காட்சி. அதற்குக் கீழே, பெயரில்லாமல் ஒன்று. தொலைக்காட்சியின் வயரைக் கழற்றினேன். என் போனின் வைபையை நிறுத்தினேன். பட்டியலில் அவை இரண்டும் மறைந்தன. பெயரில்லாதது மட்டும் போகவில்லை. அதன் பக்கத்தில் சமிக்ஞைக் கோடுகள் முழுதாக நின்றன. தூரத்து ஆளுக்கு ஒரு கோடு. முற்றத்து ஆளுக்கு இரண்டு. முழுக் கோடு என்றால், ஆள் வீட்டுக்குள்.

நான் பேய் பிசாசை நம்பாதவன். கடையில் நின்று இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், மின்விசிறிக்குக் கீழே, பத்துப் பேர் நடுவில். ஆனால் உச்சி மத்தியானத்தில், ஒரு மான் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்க, என் சொந்த வீட்டுக்குள் முகமில்லாத ஒருவர் வருடக்கணக்காக இருந்து என் நிரலை வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், நம்பாதவனுக்கும் சாரம் கழலும்.

எங்கள் குழுவில் எழுதினேன்: "கரையோரம் ஐயா, நீங்கள் எங்க இருக்கிறீங்கள்?"

அனுப்பினேன்.

வீட்டுக்குள் எங்கோ, "டிங்."

காற்று அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. என் மூச்சு எனக்கே கேட்டது. ஒருவேளை தற்செயல். பொதுவாக மனிதன் இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். நான் இன்னொருமுறை எழுதினேன்: "ஐயா?"

"டிங்."

சாமி அறையிலிருந்து.

உடனே திரையில் பதில் வந்து நின்றது: "ஓம். பார்த்தனான்."

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், பார்த்தேன் என்கிறார். என்னை! சாரத்தோடும் பாதிச் சேட்டோடும்! அடுத்து நடந்ததை என் மூளை செய்யவில்லை, கால்கள் செய்தன. குசினிக்குள் பாய்ந்து கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது தேங்காய் துருவுகிற திருவலை. விறாந்தைக் கதிரையில் ஏறி நின்றேன். (பாம்புக்குத்தான் கதிரையில் ஏறுவது. ஐயாவுக்கு ஏன் ஏறினேன் என்று இன்றுவரை விளக்கம் இல்லை.) தேவாரம் ஒன்று சொல்லப் பார்த்தேன். முதல் அடிக்குப் பிறகு வரவில்லை. என் வாயில் வந்தது, "ஐயா, நான் உங்களை மதிச்சனான் ஐயா, வட்டிலாப்பம்கூட அனுப்பினனான் ஐயா" என்பதுதான்.

கேற் திறந்தது. வதனி குடையோடு உள்ளே வந்தாள். மானைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கதிரையில் திருவலையோடு நிற்கும் கணவனைப் பார்த்தாள். குடையை மடக்கினாள்.

"இஞ்சாருங்கோ, என்ன இது கோலம்?"

"சத்தம் போடாதையும். உள்ள ஆள் இருக்கு."

"ஆர்?"

"கரையோரம் ஐயா."

அவள் முகம் மாறிவிட்டது. இத்தனை காலமும் சாப்பாட்டு மேசையில் நான் ஐயா புராணம் பாடியதைக் கேட்டவள். சட்டென்று சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வந்திருக்கிறாரோ? முதலே சொல்லுறதில்லையே! தேத்தண்ணி குடுத்தனீங்களே? அந்த மனிசனை உள்ள இருத்திப்போட்டு இவர் திருவலையோட நிக்கிறார். எந்த அறையில?"

"சாமி அறையில."

"சாமி அறையிலயோ? அதுக்குள்ள இருக்கக் கதிரையும் இல்லையே!"

"வதனி, விளங்குதே? அவர் வரேல்லை. அவர் முதலே இருக்கிறார். கன காலமா இருக்கிறார்."

அவள் என் நெற்றியில் கை வைக்க எட்டினாள். கதிரையில் நின்றதால் முழங்காலைத்தான் தொட முடிந்தது. நான் நிரூபிக்கப் போனை எடுத்து, குழுவில் "ஐயா" என்று எழுதி அனுப்பினேன்.

"டிங்."

"கேட்டதே?" என்றேன், பல்லடித்தபடி.

"கேட்டது. அது உங்கட பழைய போன்."

"எந்தப் பழைய போன்?"

"டெங்கு வந்து கிடக்கேக்க நீங்கள்தானே நாள் முழுக்க அதில என்னவோ தட்டித் தட்டி இருந்தனீங்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, 'வதனி, இதை ஒருக்காலும் நிப்பாட்டாத, சார்ஜ் இறங்க விடாத, நான் செத்தாலும் வேலை நடக்க வேணும்' எண்டு கையைப் பிடிச்சுச் சொன்னனீங்கள். நான் அழுதுபோட்டன். அண்டையிலயிருந்து சாமி அறைப் பிளக்கில போட்டு, பிள்ளையாருக்குப் பின்னால வைச்சு, விளக்குக் கொளுத்தேக்க அதையும் துடைச்சு வைக்கிறன்."

காய்ச்சல் நூற்று நான்கில் நின்ற நாட்களில் நான் பக்கத்து வீட்டுப் பூனைக்கு என் மேலாளரின் பெயரை வைத்துக் கூப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பினேன். ஆனால் அதே காய்ச்சலில், இரண்டாவது "ஓம்" கேட்டு என்னை யாரும் எழுப்பக் கூடாது என்பதற்காக, நிரல் வந்தால் கொஞ்ச நேரம் வாசிப்பது போல நடித்துவிட்டும், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனேயும் "ஓம்" சொல்லும் ஒரு ஆளையே நிரலாக எழுதி, அவருக்கு எல்லா அதிகாரமும் கொடுத்து, பெயரும் வைத்து, பிறகு முழுதாக மறந்துபோயிருக்கிறேன். எழும்பிய பிறகு அவரை "ஐயா" என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவருக்கு முன்னால் நின்று, ஐயா ஓம் சொல்ல வேண்டும் என்று கும்பிட்டிருக்கிறேன்.

நிரல்கள் எதையும் அவர் பார்த்ததே இல்லை. ஐயா பார்ப்பார் என்று நானும் பார்த்ததில்லை. இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்ற விதி. பார்த்தவர்கள் பூச்சியம்.

"சுதன்!" என்று கத்திக்கொண்டு கதிரையிலிருந்து குதித்தேன். சாமி அறைக்குள் ஓடினேன். பிள்ளையாருக்குப் பின்னால், திருநீறும் எண்ணெய்ப் பிசுக்கும் சந்தனப் பொட்டுமாக (வதனி வெள்ளிக்கிழமைகளில் பொட்டும் வைத்திருக்கிறாள்) கரையோரம் ஐயா சின்னப் பச்சை விளக்கு மினுங்கக் கிடந்தார். கையில் எடுத்தேன். பூட்டியிருந்தது. என் விரல் தெரியாது என்றது. என் முகத்தைப் பார்த்து, தெரியாது என்றது.

"தாருங்கோ" என்றாள் வதனி. விரலால் ஒரு கோடு கிழித்தாள். திறந்துவிட்டது.

"உமக்கு எப்படி…?"

"டிங் டிங் எண்டு விளக்கேத்திற நேரம் கத்தும். சத்தத்தைக் குறைக்கத் திறக்கிறனான். இந்தக் கோடும் காய்ச்சலுக்க நீங்கள் காட்டித் தந்ததுதான். இப்ப என்ன செய்ய வேணும்? கெதியாச் சொல்லுங்கோ, என்ர தம்பி அங்க கடலுக்க இறங்கப் போறான்."

"அந்தக் கடைசியில கிடக்கிறதைத் திறவும். பச்சைப் பொத்தானை அழுத்தும்."

"வாசிக்கத் தேவையில்லையோ?"

அந்தக் கேள்வியை உலகத்துப் பராமரிப்பாளர்கள் எல்லாரும் நெற்றியில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும். நான் வாசித்தேன். ஒவ்வொரு வரியாக, சத்தம் போட்டு, அவளுக்கும் கேட்கும்படி. ஒரு எழுத்தும் விளங்காவிட்டாலும் அவள் தலையாட்டிக் கேட்டாள். பிறகு சந்தனம் பட்ட விரலால் அழுத்தினாள்.

மடிக்கணினிக்கு ஓடினேன். புள்ளிகள் அசையவில்லை. உறக்கம். உறக்கம். சுதனுக்கு எடுத்தேன். எடுத்தவன் மூச்சு வாங்கினான். பின்னால், "ஏலேலோ" இல்லாமலே படகு தள்ளுகிற சத்தம், தண்ணீர்ச் சத்தம்.

"அத்தான், பாதிப் படகு தண்ணிக்க நிக்குது. பிறகு கதைப்பம்."

"பொறு. கொஞ்சம் பொறு. போனை வையாத."

"என்னத்துக்கு?"

"பெட்டி கதைக்கும்."

"என்னண்டு?"

வதனி என் கையிலிருந்து போனைப் பறித்தாள். "டேய் சுதன், அக்கா சொல்லுறன், பெட்டி வாய் திறக்கும் வரைக்கும் நீ அந்த இடத்தில நிக்கிறாய். விளங்கிச்சே?" அவன் நின்றான். நாங்கள் இங்கே நின்றோம். போனுக்குள் கச்சான் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. சல்லிக் கரையும் எங்கள் வீடும் ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

முதலில் புல்மோட்டைப் புள்ளி நிறம் மாறியது. பிறகு நிலாவெளி. பிறகு போனுக்குள், தூரத்தில், கூரையிலிருந்து இறங்கி வருகிற அந்தத் தகரக் குரல். நாங்கள் திருப்பி எடுத்தது டீச்சரின் பகுதியையா ஜெயனின் பகுதியையா என்று கேட்பீர்கள். ஜெயனுடையதை. நித்திரை போனது, கச்சான் எச்சரிக்கை மிஞ்சியது. "தரைக் காற்று பலமாக உள்ளது. கடலுக்கு இறங்க வேண்டாம். தரைக் காற்று பலமாக உள்ளது."

"அத்தான்," என்றான் சுதன் மெதுவாக, "பெட்டி கதைக்குது."

"என்ன செய்யப் போறாய்?"

"என்ன செய்யிறது, இழுக்கிறம். வெளியால போன ரெண்டு படகையும் கை காட்டிக் கூப்பிடுறாங்கள்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்கள் சொன்னதும் இதைத்தானே அத்தான்?" என்றான்.

"நான் சொன்னதை நம்பாத. பெட்டியை நம்பு" என்றேன்.

அன்று பின்னேரம் கச்சான் சங்கக் கட்டடத்தின் தகரம் ஒன்றைக் கழற்றிக் கடலில் போட்டது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அது எண்ணெய்க் கடலில் மிதந்து, வெளியே, வெளியே, ஒரு புள்ளியாகிப் போனது தெரிந்ததாம். சுதன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னான்.

பாடசாலை விட்டதும் ரிஸ்வானா டீச்சர் போன் எடுத்தார். மரத்திலிருந்து சேட்டை எடுத்துப் போட்ட ஜெயனும் சேர்ந்துகொண்டான். எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணன்," என்றார் டீச்சர், "அப்ப ஐயாவிட வட்டிலாப்பத்தை ஆர் சாப்பிட்டது?"

ஜெயனின் பக்கத்திலிருந்து இருமல் மட்டும் வந்தது.

இப்போது எங்கள் திட்டத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் ஒருமுறையாவது முகத்தைக் காட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் சேர வேண்டும். இது டீச்சர் போட்ட விதி. பெட்டிகளும் இனி மௌனமாக இருப்பதில்லை. கடல் நல்லதென்றாலும், "கடல் நல்லம், நான் முழிப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் ஓயும். வீட்டில் நான் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் எதற்காவது "ஓம்" என்று சொன்னால், வதனியும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்து, "கரையோரம் ஐயா வந்திட்டார், தேத்தண்ணி போடுங்கோ" என்பார்கள். சுதனின் பிள்ளைகள் வரை இது பரவிவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தப் போனை நிறுத்துவதற்கு முன் உள்ளே இருந்த நிரலை ஆறுதலாக, உண்மையாகவே, வாசித்தேன். காய்ச்சல்காரன் எழுதியதென்றாலும் சுத்தமான நிரல். அந்த ஐயாவுக்குத் தெரிந்தது மூன்றே மூன்று வசனம். ஓம். பார்த்தனான். சேர்க்கலாம்.

"பொறுங்கோ" அதில் இல்லை.

ஒரு நாள் குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டேன். "வதனி, அந்த வாடைக்காலத்தில, நான் அவசரப்பட்டுத் திரிஞ்ச அண்டைக்கு, அந்தப் பழைய போன்தான் ஐயா எண்டு தெரியாமலே அதில 'பொறுங்கோ' எண்டு எழுதினது நீர்தானே?"

திருவலையில் தேங்காய் துருவுகிற சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு குசினிக்குள்ளிருந்து, மிகவும் மரியாதையான, மிகவும் வயதான ஒரு குரல் வந்தது:

"ஓம். பார்த்தனான். சேர்க்கலாம்."